மாப்பிள்ளை கேட்டு மலைக்குப் போன தங்கத்துரை

ரொறன்ரோவுக்குப் பக்கத்து அஜக்ஸில் இப்போது பல்கலைக்கழகம் போகும் வயதில் இருக்கிற பிள்ளைகளில் பாதிப்பேர் ஒரு காலத்தில் தங்கத்துரையின் முதுகைப் பார்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர்கள்தான். பதினேழு வருடமாக மஞ்சள் பஸ் ஓட்டுகிறார். முதல் தரிப்பு ஏழு பன்னிரண்டுக்கு என்றால் ஏழு பன்னிரண்டுதான். கடைகண்ணியில் அவரைக் காணும் மீசை முளைத்த பொடியன்கள் இன்றைக்கும் நேரத்தைப் பார்த்துக்கொள்வார்கள்.

நேரத்தில் இத்தனை நேரான மனிதருக்குக் கேள்வி மட்டும் நேராக வராது. பக்கத்து வீட்டுக்காரர் வீட்டை விற்றுப் போகப்போகிறாரா என்று அறிய வேண்டுமென்றால், "இந்த முறை புல்லுக்கு உரம் போடல்லையா?" என்றுதான் தொடங்குவார். ஒன்றை முகத்துக்கு நேரே கேட்டால் எதிரில் நிற்பவரைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தது மாதிரி அவருக்குத் தோன்றும். மட்டக்களப்பில், களுவாஞ்சிக்குடியில் அப்பாவும் அப்படி, பெரியப்பாவும் அப்படி. அவருடைய மனைவி தெய்வநாயகிக்கு முப்பத்துநான்கு வருடப் பழக்கம். "இந்த மனிசனுக்குப் பசிச்சாலும் அடுப்பு சூடாக்கிடக்கா எண்டுதான் கேக்கும்" என்பாள்.

அவரால் மூன்று வருடமாகக் கேட்க முடியாமல் இருந்த கேள்வி ஒன்று உண்டு. மகள் தக்ஷிகாவுக்கு முப்பத்தொரு வயது. நகரத்துக்குள் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். ஏரிக்கரை அடுக்குமாடிக் கொண்டோ ஒன்றில் நேதன் என்கிற வெள்ளைக்காரப் பொடியனோடு இருக்கிறாள். சொந்தக்காரர்களுக்கு அவள் 'சிநேகிதிகளோட' இருக்கிறாள். நேதன் அஜக்ஸ் வீட்டுக்கு வந்து கையால் குழைத்துச் சோறு தின்பான், சொதியைக் கோப்பையில் ஊற்றிக் குடிப்பான், போகும்போது குப்பைப்பெட்டியை வீதிக்கு இழுத்து வைத்துவிட்டுப் போவான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இவர்கள் கலியாணம் கட்டுவார்களா, மாட்டார்களா? அதை மகளிடம் கேட்க எத்தனையோ தரம் வாயைத் திறந்து, "காருக்கு ஒயில் மாத்தின நீயா, மகள்?" என்று கேட்டு மூடியிருக்கிறார்.

சென்ற ஜனவரியில் நேதனின் தாய் தகப்பனிடமிருந்து அழைப்பு வந்தது. அவர்கள் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ரொறன்ரோவுக்கு வடக்கே இரண்டரை மணித்தியால ஓட்டத்தில், புளூ மவுண்டன் என்கிற பனிச்சறுக்கு மலையின் அடிவாரத்தில் வீடு வாங்கிக்கொண்டு போனவர்கள். மாசியில் வரும் பெமிலி டே விடுமுறைக்கு நீங்கள் எல்லாரும் வந்து ஒரு நாள் தங்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

"இதுதான் வழி," என்றாள் தெய்வநாயகி. "பெட்டி கொண்டு போவம்."

அவர்களுடைய பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவது. மூன்று பேர் அல்லது ஐந்து பேர். இரட்டைப்படை ஆகாது. பெட்டிகளும் அப்படியே. பலகாரம், பழம், வெற்றிலை பாக்கு. போன இடத்தில் கலியாணம் என்ற சொல்லை யாரும் எடுப்பதில்லை. மழை, வெள்ளாமை, மாட்டு வியாதி என்று பேசிக்கொண்டிருப்பார்கள். மாப்பிள்ளையின் தாய் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கி, திரும்பும்போது அதில் எதையாவது நிரப்பிக் கொடுத்தால் சம்மதம். வெறும் பெட்டி திரும்பினால் இல்லை. வேண்டாம் என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, முகம் முறிய வேண்டியதில்லை. தங்கத்துரையின் சுபாவத்துக்கென்றே செய்துவைத்த முறை.

"தக்ஷிக்குச் சொல்லுவமா?" என்று கேட்டார்.

"சொன்னா மறிச்சுப்போடுவாள். அங்க வைச்சுத் தானா விளங்கட்டும்."

எண்ணிக்கைக்காக மகன் லவனையும் இழுத்துக்கொண்டார்கள். இருபத்தேழு வயதுக்காரன். நீண்ட வாரஇறுதியில் படுக்கையை விட்டு எழும்பியதற்குத் தனக்கு ஒரு விருது தரவேண்டும் என்று சொல்லிக்கொண்டே வான் வண்டியில் ஏறினான்.

பாரி நகருக்கு அப்பால் பனிப்புகார் பிடித்துக்கொண்டது. தெய்வநாயகி மூன்று எவர்சில்வர் பெட்டிகளையும் வெள்ளைத் துணியில் கட்டி மடியில் வைத்திருந்தாள். ஒன்றில் அரியதரம், ஒன்றில் முறுக்கு, ஒன்றில் வாழைப்பழமும் வெற்றிலையும். கொலிங்வூட்டைத் தாண்டியதும் புகார் விலக, மலை முழுக்க வெள்ளையாக நின்றது. அடிவாரத்தில் கூம்புக்கூரை வைத்த கட்டடங்கள், சுவிற்சர்லாந்துக் கலண்டர் ஒன்றிலிருந்து வெட்டி ஒட்டியது மாதிரி. மாலை நான்கு மணிக்கே விளக்குச் சரங்கள். கனத்த சப்பாத்துப் போட்ட சனங்கள் விறைத்த காலோடு தொம் தொம் என்று நடந்து திரிந்தார்கள். மேலே, சரிவில், ஆட்கள் எறும்பு மாதிரி வழுகி வழுகி இறங்கி, கம்பியில் தொங்கும் கதிரையில் உட்கார்ந்து திரும்ப மேலே போனார்கள்.

"இறங்கிறதுக்கெண்டே ஏறுறாங்க," என்றார் தங்கத்துரை. பனியைப் பதினேழு வருடம் எதிரியாகப் பார்த்த மனிதருக்கு அது பிடிபடவில்லை.

வீட்டில் தாய் ஜோனும் தகப்பன் டக்கும் மட்டும் இருந்தார்கள். முதலே வந்துவிட்ட தக்ஷிகாவும் நேதனும் இன்னும் மலையில். தெய்வநாயகி சப்பாத்தைக் கழற்றி, சேலையை இழுத்துச் சரிசெய்து, பெட்டிகளை நீட்டினாள். ஜோன் கன்னத்தில் கைவைத்து, ஐயோ, நீங்கள் இதெல்லாம் செய்திருக்கவே கூடாது என்றாள்.

தங்கத்துரை மனைவியின் முகத்தைப் பார்த்தார். செய்திருக்கக் கூடாதா?

"வேணாமாமா?" என்று தெய்வநாயகி உதடு அசையாமல் கேட்டாள்.

"அம்மா, ரிலாக்ஸ். அது சும்மா சொல்லுறது. எல்லா வெள்ளைக்காரரும் சொல்லுவாங்க," என்றான் லவன்.

அதற்குள் ஜோன் பெட்டிகளை வாங்கிவிட்டாள். இரண்டு கையாலும். தங்கத்துரை கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார், அதில் ஐயமே இல்லை. ஜோன் அரியதரத்தைத் தட்டில் அடுக்கினாள். டக் நின்ற நிலையிலேயே மூன்றைத் தின்றார். வெற்றிலையை ஜோன் ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் விட்டு ஜன்னலில் வைத்தாள். பேச்சு எல்லாம் பனியைப் பற்றியும் கார் ரயரைப் பற்றியும் போனது. சரியான பேச்சு. இப்படித்தான் பேச வேண்டும். பிள்ளைகள் மூக்குச் சிவந்து வந்து சேர்ந்தபோது முறையெல்லாம் முடிந்திருந்தது.

அடுத்தநாள் புறப்படும்போது ஜோன் மூன்று பெட்டியையும் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தாள். ஒன்றில் வெண்ணெய்த் தாட்டுப் பலகாரம், ஒன்றில் மேப்பிள் மிட்டாய், ஒன்றில் அப்பிள்கள். நீங்கள் இனி எங்கள் குடும்பம் மாதிரி, எந்தக் காலத்திலும் வாருங்கள், இந்த ஊர் ஒவ்வொரு காலத்துக்கும் வேறு ஊர் என்றாள்.

வான் ஹைவேயில் ஏறும்வரை தெய்வநாயகி பெட்டிகளை மடியில் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு சேலைத்தலைப்பால் கண்ணைத் துடைத்து, "ஒண்டில்ல, மூண்டும் நிரப்பித் தந்திருக்காக," என்றாள்.

திங்கட்கிழமை தங்கத்துரை மார்க்கம் நகரில் இருக்கும் அக்கா நேசம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தார். நேசம்மாவுக்குச் சொன்னால் ஒன்ராறியோ மாகாணத்துக்கே சொன்னது மாதிரி.

"வெள்ளைக்காரன் எண்டு முதல்ல யோசிச்சன்தான், தம்பி," என்றாள் அக்கா. "ஆனா பெட்டி முறை தெரிஞ்ச ஆக்கள் எண்டா நல்ல குடும்பம். எப்ப நாள்?"

அதுதான் அவரை மேமாதம் திரும்பவும் மலைக்குக் கொண்டுபோனது. நாள் வைக்க வேண்டும். எந்தக் காலத்திலும் வாருங்கள் என்றுதானே சொன்னார்கள். இந்த முறை அவரும் தெய்வநாயகியும் மட்டும்.

ஜோனின் வீட்டுக்குத் திரும்பும் முனையை அவர் இரண்டு தரம் தாண்டிப் போய்விட்டார். மாசியில் அந்த முனையில் வான் வண்டியைவிட உயரமாக ஒரு பனிக்குவியல் இருந்தது. அதைத்தான் அடையாளம் வைத்திருந்தார். இப்போது அங்கே ஒரு தண்ணீர்க் கான் ஓடிக்கொண்டிருந்தது. மலை மொட்டையாக, சேறும் மஞ்சள் புல்லுமாக, இடைக்கிடை அழுக்குப் பனித் திட்டுகளோடு கிடந்தது. தொங்கு கதிரைகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன, ஒருத்தரும் இல்லை. பாதிக் கடைகள் பூட்டு.

"இது அந்த இடமில்லை," என்றாள் தெய்வநாயகி.

"அதே இடம்தான்."

"என்ன இடமோ. போன முறை சொர்க்கம் மாதிரிக் கிடந்தது. இப்ப எங்கட வயலுக்க தண்ணி வத்தின மாதிரி."

ஜோனின் வீட்டில் தேநீர் ஆனது. இந்த முறை தக்ஷிகா இல்லை, வேலை. தங்கத்துரை முதலில் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு, தன் பஸ் யூன் கடைசியோடு நின்றுவிடும் என்றார். பிறகு, ஓகஸ்ட் முப்பதாம் தேதி ஒரு சனிக்கிழமை என்றார். உங்களுக்கு அந்த நாள் வசதிப்படுமா?

டக் எழும்பிப்போய்க் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த கலண்டரைப் புரட்டினார். யூனில் மீன்பிடிக்கப் போகிறேன், யூலையில் முழங்கால் சத்திரசிகிச்சை, ஓகஸ்ட் முப்பது மிகவும் நல்லது என்றார். சிவப்புப் பேனையால் அந்தச் சதுரத்தில் தங்கத்துரையின் பெயரைப் பெரிதாக எழுதி, சுற்றி வட்டமும் போட்டார். எத்தனை பேர் வருவீர்கள் என்று கேட்டார் டக்.

"எங்கட பக்கம் ஒரு இருநூறு வரும்," என்று தங்கத்துரை ஆங்கிலத்தில் சொன்னார்.

டக் வெடித்துச் சிரித்து, அவருடைய முதுகில் தட்டினார். நல்ல பகிடிக்காரன் என்றார். தங்கத்துரையும் சிரித்தார். எதற்கென்று தெரியாமலேதான் சிரித்தார்.

திரும்பி வரும் வழி முழுக்க அந்தச் சிரிப்பு அவருக்குள் உறுத்திக்கொண்டே வந்தது. இருநூறு கூடிப்போச்சா, குறைஞ்சுபோச்சா?

பள்ளிக்கூட பஸ்காரருக்குக் காலை ஓட்டத்துக்கும் பின்னேர ஓட்டத்துக்கும் நடுவே ஐந்து மணித்தியாலம் வெறுமையாகக் கிடக்கும். மன்னார்க்காரன் சூசைதாசன் அந்த நேரத்தில் கோப்பிக் கடையில் அவருக்குத் துணை. பக்கத்துப் பாதையில் பஸ் ஓட்டுபவன். தங்கத்துரை அவனிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"பொறுங்கோ அண்ணை," என்றான் சூசைதாசன். "நீங்கள் கலியாணம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னனீங்களோ?"

"அத ஏன் சொல்லுவான்? பெட்டி கொண்டுபோன நாங்கதானே."

"மகளுக்குத் தெரியுமோ?"

தங்கத்துரை கோப்பியைக் கலக்கினார். சீனி போடாத கோப்பி.

"அண்ணை, உந்தக் கிழவன் உங்களை ஓகஸ்டிலை பாபகியூ விருந்துக்கு வரச்சொல்லி எழுதியிருக்கிறான். நீங்கள் இருநூறு பேரோடை மேளத்தைக் கொண்டுபோய் இறங்குங்கோ. நான் பஸ் தாறன்."

"பகிடி விடாத, சூசை."

"பகிடியோ? எனக்கு உங்களை நினைக்க நெஞ்சு பதறுது."

அன்றைக்குப் பின்னேரம் பதினேழு வருடத்தில் முதல் முறையாகத் தங்கத்துரை ஒரு தரிப்பில் நிறுத்தாமல் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போனார். பின்னால் இருந்து ஒரு சின்னப்பெண் "மிஸ்டர் ரி! என்ர வீடு!" என்று கத்திய பிறகுதான் பிறேக் போட்டார்.

ஆனாலும் அவர் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. ஜோன் இரண்டு கையாலும் வாங்கினாள். மூன்று பெட்டியும் நிரம்பி வந்தது. குடும்பம் என்றாள். டக் தேதியை எழுதினார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எல்லாம் சரி. சேர்த்துப் பார்க்கும்போதுதான் எங்கோ இடித்தது.

யூலை முதல் வாரத்தில் நேசம்மா அக்கா குடும்ப வாட்ஸ்அப்பில் இரண்டு ரோசாப்பூவும் ஒரு பிள்ளையாரும் போட்ட படம் ஒன்றை விட்டாள். தக்ஷிகா, நேதன் திருமணம், ஓகஸ்ட் 30, மண்டபம் பிறகு அறியத்தரப்படும், நாளைக் குறித்து வையுங்கள். அவர் அதைப் பார்க்கும்போது தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார். அதே கையில் தொலைபேசி அடித்தது.

"அப்பா. வட் இஸ் திஸ்?"

"மகள்…"

"ஆருக்குக் கலியாணம்? எனக்கா? நாங்க அதப்பத்திக் கதைச்சதே இல்ல! ஹூ செட் யெஸ்?"

"ஜோன் சொன்னவ. பெட்டி வாங்கி, நிரப்பி…"

அவர் பெட்டிக் கதை முழுவதையும் சொல்லி முடித்தார். செடியின் அடியில் தண்ணீர் குளமாக நின்றது.

"சோ, நீங்க என்னக் கேக்காம, என்ட வாழ்க்கைய, முறுக்கு வைச்சுக் கேட்டிருக்கீங்க," என்றாள் கடைசியில். குரல் உடைந்திருந்தது. "நேதனுக்கு இன்னும் தெரியா. ஆராவது கசின் அவனுக்கு கொங்கிராட்ஸ் எண்டு அனுப்ப முதல் நான் சொல்லோணும். ஜோனுக்கும் டக்குக்கும் நீங்கதான் சொல்லோணும். நேர போய்ச் சொல்லுங்க. அதுவரைக்கும் எனக்குக் கோல் எடுக்காதீங்க."

வைத்துவிட்டாள். எல்லாவற்றிலும் அந்தக் கடைசி வரிதான் அவரைத் தாக்கியது. முப்பத்தொரு வருடத்தில் அவள் அப்படி ஒன்று சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தனியே புறப்பட்டார். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போவது வாழ்க்கையில் அதுதான் முதல்தடவை. தெய்வநாயகி வாசலில் நின்று, "ஒரு சீப்பு வாழைப்பழமாவது…" என்றாள். "வேணாம், அதையும் என்னவோ எண்டு நினைப்பாங்க," என்றார். யார் நினைப்பார்கள், என்ன நினைப்பார்கள் என்று அவருக்கே தெரியவில்லை.

மலை பச்சையாகிவிட்டிருந்தது. மாசியில் ஆட்கள் வழுகி இறங்கிய இடத்தில் புல் இடுப்பளவு. சின்ன வண்டில்களில் பிள்ளைகள் தண்டவாளத்தில் கூச்சலோடு இறங்கினார்கள். வாகனம் விட இடமில்லை. ஐஸ்கிறீம் கடை வரிசையில் இரண்டு தமிழ்க் குடும்பங்கள் நின்றன. தங்கத்துரை தலையைக் குனிந்துகொண்டு கடந்தார். முகம் தெரியாத அவர்களும் ஓகஸ்ட் முப்பதைக் குறித்து வைத்திருப்பார்களோ என்று ஒரு பயம்.

ஜோன் வீட்டில் அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். மழையைத் தொடவில்லை. நாங்கள் மாசியில் வந்தது விருந்துக்கு அல்ல, உங்கள் மகனைக் கேட்டு என்றார். பெட்டி என்றால் என்ன, இரண்டு கை என்றால் என்ன, நிரப்பிக் கொடுத்தால் என்ன, எல்லாவற்றையும் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தில், ஒரு பரீட்சை விடையை ஒப்புவிப்பது மாதிரிச் சொன்னார். முழங்காலில் கட்டோடு சாய்ந்திருந்த டக்குக்கு முதலில் சிரிப்பு வந்தது. இருநூறு பேர், இருநூறு பேர் என்று சொல்லிச் சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஜோன் சிரிக்கவில்லை.

என் அம்மா சஸ்கச்சுவானில் ஒரு பண்ணைக்காரி என்றாள் அவள். அயல்வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தால் அடிப்பாள். அதனால்தான் நிரப்பினேன். அதற்குமேல் ஒன்றுமில்லை. என்னை மன்னித்துவிடுங்கள்.

இவர்களுக்கும் அதே முறை. ஆனால் ஒன்றுமில்லை. அர்த்தமே இல்லாத அதே முறை. தங்கத்துரை அப்போதுதான் உட்கார்ந்தார்.

"அப்படியென்றால் இப்போது கேட்கிறேன்," என்றார். "உங்களுக்குச் சம்மதமா?"

ஜோன் கணவனைப் பார்த்தாள். எங்களுக்கு அவளை மிகவும் பிடிக்கும் என்றாள். ஆனால் எங்களிடம் கேட்டு என்ன பயன்? அவளிடம் கேட்டீர்களா?

இல்லை என்று அவர் தலையாட்டினார்.

நேதனுக்குத் தூர மேற்கே, கல்கரியில் வேலை கிடைத்திருக்கிறது, உங்களுக்குத் தெரியும்தானே என்றாள் ஜோன். அவன் போவானா, அவளும் கூடப் போவாளா, அல்லது அதோடு முடிந்துவிடுமா என்று எனக்கே பயமாக இருக்கிறது. கேட்டால் தலையிடுவதாக நினைப்பார்கள். அதனால் கேட்பதில்லை.

தெரியாது. அவருக்குத் தெரியாது. மகளின் காருக்கு எப்போது ஒயில் மாற்ற வேண்டும் என்பது தெரியும்.

திரும்பி வந்து, நேசம்மா அக்காவிடம் உண்மையைச் சொல்லலாம் என்றுதான் தொலைபேசி எடுத்தார். அக்காவின் குரலைக் கேட்டதும், "மாப்பிள்ளையின்ட தகப்பனுக்கு முழங்கால் ஒப்பரேசன், கொஞ்சம் தள்ளிப்போட்டிருக்கு," என்று வந்துவிட்டது. முழங்கால் உண்மை. மற்றது? தள்ளிப்போட்டதா, இல்லாமல் போனதா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அக்கா குழுவில் முழங்காலுக்காகப் பிரார்த்திக்கும்படி செய்தி போட்டாள்.

தக்ஷிகா திரும்பவும் பேசத் தொடங்கினாள். ஆனால் அளந்துதான் பேசினாள். ஓம் அப்பா, இல்ல அப்பா, பிறகு எடுக்கிறன் அப்பா. ஓகஸ்ட் முப்பது ஒரு சாதாரணச் சனிக்கிழமையாக வந்து போனது. அன்றைக்குத் தெய்வநாயகி காரணமில்லாமல் வீடு முழுக்கக் கழுவினாள்.

ஒக்டோபரில் வரும் நன்றியறிதல் நாள் வாரஇறுதிக்கு முதல் புதன்கிழமை தக்ஷிகா தொலைபேசி எடுத்தாள். "நாங்க மலைக்குப் போறம். ஜோன் உங்களையும் கேட்டவ. வாறீங்களா?" கொஞ்சம் நிறுத்தி, "அம்மா ஒண்டும் கட்டிக் கொண்டுவர வேணாம் எண்டு சொல்லுங்க," என்றாள். அது பகிடியா, கோபமா என்று அவரும் மனைவியும் இரவுச் சாப்பாடு முடியும்வரை விவாதித்தார்கள்.

இலைகளின் நிறத்தில் மலை எரிந்துகொண்டிருந்தது. சிவப்பு, செம்மஞ்சள், இடையில் கறுப்பாக ஊசியிலை மரங்கள். பாதையோரம் அப்பிள் கடைகள். நான்காவது முறையாக வருகிற இடம். ஆனால் வழி தெரிந்த இடத்துக்கு வருகிற உணர்வு அவருக்கு இன்னும் வரவில்லை. தெய்வநாயகி ஜோனோடு சமைக்கக் குசினியில் நின்றுவிட்டாள். நேதன் விறகு பிளக்கப் போனான். அவரைக் கண்டதும் கை கொடுத்து, ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் போனான். தக்ஷிகா, "வாங்க அப்பா, மேல போய்ப் பாப்பம்," என்று கூட்டிக்கொண்டு போனாள்.

கம்பியில் தொங்கிக்கொண்டு போகும் கண்ணாடிக் கூண்டு. கதவு சாத்தியதும் அவர்கள் இரண்டு பேர் மட்டும். கீழே மரங்களின் தலைகள். மேலே போய்ச் சேரும்வரை இறங்க முடியாது, எழும்பிப் போக முடியாது, பார்க்க வேறு முகமும் இல்லை.

"இந்த இலையெல்லாம்…" என்று தொடங்கினார்.

"ஓம் அப்பா, வடிவு."

"எத்தனை நாளைக்கு இப்பிடி இருக்கும்?"

"ஒரு கிழமை." அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு தூணைக் கடக்கும்போது கூண்டு கடகடவென்று குலுங்கியது. அவர் இருக்கையை இறுக்கிப் பிடித்தார்.

"மகள், உனக்கு நேதனக் கட்ட விருப்பமா?"

சொல்லி முடித்ததும், ஏதோ கெட்ட வார்த்தை சொன்னது மாதிரி அவருக்குக் காது சூடாகியது. அவள் திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் சிரித்தாள், பிறகு அழுதாள்.

"தெரியா அப்பா."

"ஓ."

"அவன எனக்கு விருப்பம். அது தெரியும். ஆனா கல்கரி… என்ட வேலை இஞ்ச. நீங்க ரெண்டு பேரும் இஞ்ச. அவன் ஜனவரியில போகோணும். அவனும் கேக்கிறான் இல்ல, நானும் சொல்லுறன் இல்ல. ஐ டோன்ட் நோ. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி இருக்கு."

களுவாஞ்சிக்குடியில் 'தெரியா' என்றொரு விடை இருக்கவில்லை. பெட்டி நிரம்பி வரும், அல்லது வெறுமையாக வரும். பாதி நிரம்பிய பெட்டியோடு யாரும் வீடு திரும்பியதை அவர் கண்டதில்லை.

"எங்களுக்காக நிக்காத," என்றார். பிறகு அதுவும் பிழையோ என்று தோன்ற, "போ எண்டும் சொல்லல்ல," என்றார்.

"அப்ப என்ன சொல்லுறீங்க?"

"தெரியா, மகள்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். கூண்டு மேலே போய்த் தட்டுத்தடுமாறி நின்றது, கதவு திறந்தது.

உச்சியில் காற்று பலமாக இருந்தது. தூரத்தில் குடாவின் தண்ணீர் ஈயத்தகடு மாதிரிக் கிடந்தது. சனங்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து அவருடைய தொலைபேசி அடித்தது. நேசம்மா அக்கா. அவர் அதை வெட்டிவிட விரலைக் கொண்டுபோனார். மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்தார்.

"தம்பி, முழங்கால் சுகமா? சாத்திரியாரிட்டக் கேட்டன், தைக்குப் பிறகு நல்ல நாள் மூண்டு கிடக்கு. எத வைக்கிறது?"

"அக்கா," என்றார். "முழங்காலுக்காகத் தள்ளிப்போடல்ல. நான் பொய் சொன்னன். நாள் எண்டு ஒண்டு இருக்கவே இல்ல. அவங்க ஓமெண்டு சொல்லல்ல. நான்தான் அப்பிடி எடுத்துக்கொண்டன். பிள்ளையிட்ட நான் கேக்கவே இல்ல, அக்கா. இண்டைக்குத்தான் கேட்டன்."

மறுமுனையில் ஏதோ பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அக்காவின் குரல் வந்தது. "ஊரெல்லாம் சொல்லி வைச்சிருக்கன்! என்ட மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைக்கிறது? முழங்காலுக்கு நேர்த்தி வேற வைச்சனே! அப்ப பிள்ளை என்ன சொல்லுறாள்? கட்டுறாளா, இல்லையா? ஒண்டச் சொல்லு!"

அவர் வாயைத் திறந்தார். என்ன சொல்லலாம் என்று தேடினார். காற்றைப் பற்றி, இலையைப் பற்றி, இஞ்ச சிக்னல் சரியில்ல…

தக்ஷிகா கையை நீட்டித் தொலைபேசியை வாங்கினாள்.

"மாமி, நான் தக்ஷி. அப்பா கேட்டவர். நான் இன்னும் யோசிக்கிறன் எண்டு சொல்லியிருக்கிறன். இல்ல மாமி, வேற ஒருத்தரும் இல்ல. ஓம். ஓம், முழங்கால் நல்லா இருக்கு. எனக்கு முடிவு தெரிஞ்சா முதல் அப்பாவுக்குச் சொல்லுவன், அவர் உங்களுக்குச் சொல்லுவார். அதுவரைக்கும் அவர் பொறுத்திருக்கிறார். நீங்களும் கொஞ்சம் பொறுங்க."

மாமி இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். தக்ஷிகா காதிலிருந்து தொலைபேசியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தபடி, தகப்பனின் கழுத்தில் அவிழ்ந்து கிடந்த மவ்ளரை மற்றக் கையால் இழுத்துக் கட்டிவிட்டாள். தங்கத்துரை அசையாமல் நின்றார். எத்தனை நாள் பொறுப்பதென்று அவளிடம் கேட்கலாமா என்று நினைத்தார். கேட்கவில்லை.